வேற வழியில்ல என்ற பதில்

இலங்கை மலையகத்துக் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரம் லயத்துக்கு லயம் சத்தம் கேட்கும். கேட்டால் காசு என்பார்கள், சாராயம் என்பார்கள், மருமகள் வாய் என்பார்கள். கொஞ்சம் கிளறினால் வேறொன்று வரும்: இந்த வீட்டில் யார் தோட்டத்தோடு கிடப்பது, யார் வெளியே போவது?

லயத்து அறை தோட்டத்துச் சொத்து. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அறைக்குப் பயமில்லை. அம்மா ஓய்வுபெற்றதும் கூடை யாருக்கு? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். சின்னவள் ஏ.எல். படிக்கிறாள். மிஞ்சுகிறவள் மூத்தவள். அவளைக் கேட்டு யாரும் முடிவெடுப்பதில்லை.

இருத்தலியல் உளச்சிகிச்சை கைவைக்கும் இடம் இதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980-இல் எழுதிய நூலில் மனிதரைக் குடையும் நான்கு விஷயங்களைச் சொன்னார்: மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது. இந்த வழியில் வரும் உளவளத்துணையாளர் யார் மேல் பிழை என்று விசாரிப்பதில்லை. 'வேற வழியில்ல' என்று வீட்டில் ஒவ்வொருவரும் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அதில் நீங்களாகத் தேர்ந்தது எவ்வளவு என்று கேட்பார். அப்பாவையும் கேட்பார்.

இதே வழியில் வந்த யூத மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் கதை பலருக்குத் தெரியும், வதைமுகாம் பகுதி மட்டும். அதற்கு முந்தையதுதான் நம் வீட்டுக் கதை. 1941-இல் வியன்னாவில் இருந்த அவருக்கு அமெரிக்க விசா கிடைத்தது. போனால் பெற்றோர் நாஜிகளிடம் தனியே மாட்டுவார்கள். இடிக்கப்பட்ட யூதக் கோயிலிலிருந்து அப்பா பொறுக்கி வந்த பளிங்குத் துண்டில், தாய் தந்தையை மதி என்ற கட்டளையின் எழுத்து இருந்தது. விசாவை விட்டுவிட்டார். தங்கை ஸ்டெல்லா ஆஸ்திரேலியா போய்ப் பிழைத்தார். தங்கியவர் நல்ல பிள்ளை, போனவள் கெட்ட பிள்ளை என்று இதைப் பிரசங்கமாக்கினால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. பிராங்கல் தானே தேர்ந்தார் என்பதுதான் விஷயம். அப்படித் தேர்ந்தவர் பெற்றோரிடம் பிறகு கணக்குக் கேட்கமாட்டார்.

லயத்தில் கணக்கு மாதாமாதம் வரும். 'படங்கு கட்டி மலையேறித்தானே ஒன்ன வளர்த்தேன்' என்பாள் தாய். 'ஒங்களுக்காகத்தானே படிப்ப விட்டேன்' என்பாள் மகள்.

சம்பளமும் காணியும் கிடைத்தால் சண்டை தானே அடங்கும் என்பார்கள் தொழிற்சங்கத்தார். இருக்கலாம். காணி வந்தபிறகும் அது யார் பெயரில் என்று ஒரு சண்டை வரும், அப்போதும் மூத்தவளிடம் கேட்கமாட்டார்கள்.

என் கவலை அவளைப் பற்றியதுதான். கலியாணம் முடித்தும் அவளைக் கேட்காமல் முடிவெடுப்பது நிற்பதில்லை. கடன் அடைக்க வெளிநாட்டு வீட்டுவேலைக்கு அனுப்புவதும் அவளைத்தான். பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. தகப்பனிடம் அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. பிள்ளை கெட்டால் பொறுப்பு யாருக்கு என்பதை அரசாங்கமே எழுதிவைத்த மாதிரி! அவள் திரும்பி வரும்போது பிள்ளை அம்மாயியை அம்மா என்கிறது, அவள் அனுப்பிய காசுக்குப் புருஷன் கணக்குச் சொல்ல மறுக்கிறான். அந்த வீட்டைச் சமாதானம் பேசி ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மறுபடி போக விரும்புகிறாளா என்று முதலில் கேட்க வேண்டும்.

கேட்பது எங்கே? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் சுவருக்கு இந்தப்பக்கம் அவள் வாய் திறக்கமாட்டாள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது புருஷன் சட்டைப்பையில். தோட்டத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பறையைச் சனிக்கிழமை பின்னேரம் உளவளத்துணையாளருக்குத் திறந்துவிட்டால் போதும். முதல் நாள் அவள் மட்டும் வரட்டும். வீட்டாரை அடுத்த வாரம் கூப்பிடலாம்.