சிறு வண்டியும் வீட்டுச் சேவைத் தொழிலும்

லயத்து வாசலில் மணியொலி எழுப்பிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரை அறியாதவர் நம் தோட்டங்களில் இலர். பின்னால் ஒரு பெட்டி. அதன் இரு மருங்கிலும் தொங்கும் பலகாரப் பொட்டலங்கள். அவ்வளவுதான் அவருடைய கடை. அவர் ஒரு நாளும் லாரியில் வந்ததில்லை. விற்கும் பொருளுக்கும், நுழைய வேண்டிய பாதைக்கும், மாலையில் கையில் மிஞ்சும் ஆதாயத்துக்கும் அந்த வண்டியே அளவானது என்பதை அவர் கணக்கிட்டு அறிந்திருக்கின்றார்.

தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்று சொந்தத் தொழில் தொடங்கும் நம் இளைஞர் பலருக்கு இக்கணக்கு வாய்ப்பதில்லை. நீர்க்குழாய் பழுதுபார்த்தல், மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனக் கருவியைத் துப்புரவு செய்தல், புல் வெட்டுதல், வீடு கழுவித் தருதல் ஆகியவை வீடு தேடிச் சென்று செய்யும் தொழில்கள். இவற்றுக்குக் கைத்திறனும் ஒரு வண்டியும் இருந்தால் போதும். ஆனால் தொழிலில் இறங்கும் இளைஞரின் கண் முதலில் செல்வது பெரிய வேனின் மீதுதான். பக்கவாட்டில் பெயர் எழுதிய புது வேன் வாசலில் நின்றால் மதிப்புக் கூடும் என்ற எண்ணம்! அதற்கு முன்பணமாகப் போவது, பல வேளைகளில், பால்மரத்தின் அடியில் முப்பது ஆண்டுகள் உழைத்த தந்தையின் சேமநிதிப் பணம். ஆகவே இது பிள்ளைகள் மட்டும் முடிவு செய்துவிடக்கூடிய செய்தியன்று.

கரும்பலகையில் எழுதுவதைப் போல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் புதிய வேனுக்காக 60,000 வெள்ளி கடன் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வெள்ளி வட்டி, கடன் முழுத்தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. தவணைக்காலம் 9 ஆண்டுகள். வட்டி மட்டும் 21,600 வெள்ளி. மொத்தம் 81,600 வெள்ளியை 108 மாதங்களால் வகுத்தால் மாதத் தவணை 755 வெள்ளி 56 சென் ஆகிறது. இன்னொருவர் பழைய சிறு கார் ஒன்றுக்காக 18,000 வெள்ளியை அதே வட்டியில் 5 ஆண்டுகளுக்குப் பெறுகின்றார். அவருக்கு வட்டி 3,600 வெள்ளி. மாதத் தவணை 360 வெள்ளி. ஒரு வீட்டு வேலையில் செலவு போகக் கையில் நிற்பது 60 வெள்ளி என்றால், சிறு காருக்குரியவர் ஆறு வேலைகளில் தவணையைத் தீர்த்துவிடுகின்றார். வேனுக்குரியவரோ பதின்மூன்று வேலைகள் செய்த பின்னரே தமக்கென ஒரு காசு காண்கின்றார். மழைக்காலத்தில் வேலை குறையும், தவணை குறையாது.

புதியதையும் பழையதையும் ஒப்பிடுவது முறையா என்று சிலர் வினவலாம். முறையே. தொழில் தொடங்குபவர் முன்னுள்ள உண்மையான தேர்வு பெரும்பாலும் இதுதான். பழைய வண்டியைத் தகுந்த பரிசோதனை செய்து, நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று வாங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வேறொன்றும் கவனிக்கத்தக்கது: இத்தகைய சிறு கார்கள் இரண்டின் தவணை 720 வெள்ளி, ஒரு வேனின் தவணையைவிடக் குறைவு. இரண்டு வண்டிகள் இருந்தால் அண்ணன் ஆயர் ஈத்தாமுக்கும் தம்பி ஜெலுத்தோங்குக்கும் ஒரே வேளையில் செல்லலாம். ஒன்று பட்டறையில் கிடந்தாலும் மற்றொன்று ஓடும். ஒரே வேன் பழுதானால் அன்று தொழிலே நின்றுவிடும்.

பெரிய வேன் வேண்டும் என்போர் கூறும் காரணம் ஒன்றுண்டு. "எப்போதாவது பெரிய சாமான் ஏற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது?" என்பார்கள். நம் தோட்ட வாழ்க்கையிலேயே இதற்கு விடை இருக்கிறது. மங்கிலிருந்து எடுக்கும் பாலைக் காண்டா வாளியிலோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோதான் பால் கொட்டகைக்குக் கொண்டுவருகிறோம். அங்கிருந்து செல்லும்போதுதான் பெரிய வண்டி தேவைப்படுகிறது. நிரைக்கு நிரை லாரி வருவதில்லை. அதுபோல, அன்றாட வேலைக்குத் தக்க வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, மாதத்தில் ஓரிரு நாள் வரும் பாரமான வேலைக்கு லாரியை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே சிக்கனம்.

ஜார்ஜ்டவுன் நகரின் அமைப்பும் சிறு வண்டிக்கே துணை நிற்கின்றது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் தீவில் கால் வைத்த பின்னர் எழுந்த பழைய தெருக்கள், நடப்போருக்கும் மாட்டுவண்டிக்கும் ஏற்ப அமைந்தவை. நம்மவர் கடைத்தெரு என்றழைக்கும் லெபோ பாசார், லெபோ கிங், லெபோ குவீன் ஆகியவற்றில் காலை பத்து மணிக்கு ஒரு பெரிய வேனை நிறுத்த இடம் தேடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி இது. தெருவை அகலப்படுத்துவார்கள் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பெரிய வேன் ஒன்று ஏறத்தாழ 4.7 மீட்டர் நீளமுடையது. ஜப்பானிய அரசாங்கம் சிறு வண்டிகளுக்கென வகுத்துள்ள விதியின்படி நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், இயந்திர அளவு 660 சிசியையும் மீறலாகாது. குறுகலான தெருக்கள் நிறைந்த அந்நாட்டில் குழாய்க்காரரும் மின்பணியாளரும் இத்தகைய வண்டிகளிலேயே தொழில் நடத்துகின்றனர். 1994இல் நம் நாட்டில் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் அந்த வழியில் வந்ததுதான். டைஹட்சு மீரா என்னும் ஜப்பானியக் காரை அடிப்படையாகக் கொண்டது, 660 சிசி. சருகுமானின் பெயரை அதற்கு இட்டவர் பொருத்தமறிந்தே இட்டார். 2000ஆம் ஆண்டில் வந்த கெனாரி கூரை உயர்ந்தது. கருவிப்பெட்டிகளை அடுக்கி வைக்க ஏற்றது. இவ்விரண்டின் உற்பத்தியும் 2009இல் நின்றுவிட்டது. 2014 முதல் வந்துள்ள அக்சியா 1,000 சிசி வகையைச் சேர்ந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. முக்கால் டன் பாரம் ஏற்றும் அவ்வண்டிக்கு மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிவிட்டனர். லாரி வாங்க இயலாத பலர் அதனால் சொந்தத் தொழிலுக்கு வந்தனர்.

காரும் வேண்டாம், மோட்டார் சைக்கிளே போதும் என்னும் வேலைகளும் பல. பினாங்குக்கும் சிறு வண்டிக்கும் உள்ள உறவு இவ்வகையில் பழையது. சீனாவின் பூக்கியான் பகுதியிலிருந்து சிறுவயதில் வந்து, பினாங்கில் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய லோ பூன் சியூ என்பவரே ஹோண்டா மோட்டார் சைக்கிளை இந்நாட்டில் பரப்பியவர். 1958இல் ஜப்பானில் வெளியான சூப்பர் கப், கிளச்சைக் கையால் பிடிக்காமலேயே கியர் மாற்றக்கூடியது. ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கிச் செல்லும் கடைப்பையனும் ஓட்ட வேண்டும் என்பது அதனை உருவாக்கியோரின் நோக்கம். 2017ஆம் ஆண்டிற்குள் அவ்வகை வண்டிகள் 10 கோடி செய்யப்பட்டுவிட்டன. நாம் 'கப்சாய்' என அழைப்பது அக்குடும்பத்து வண்டிகளைத்தான். குழாய்த் திருகியும் சில இணைப்புகளும் மட்டும் கொண்டு செல்பவருக்கு இதற்கு மேல் எதற்கு? செபராங் பிறையிலிருந்து தீவுக்குச் செல்வோர்க்கு வேறொரு நன்மையும் உண்டு. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய கட்டணம் 2019 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டது. ஆறு சக்கர லாரியோ காரைவிட உயர்ந்த கட்டணப் பிரிவில் வருகிறது.

சாலை வரியிலும் வேறுபாடு மிகுதி. தீபகற்பத்தில் தனியார் பெயரில் பதிந்த கார் 1,000 சிசிக்கு உட்பட்டதாயின் ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,600 சிசிக்கு 90 வெள்ளி. 2,000 சிசிக்கு 380 வெள்ளி. சரக்கு வேன்களுக்கு விதி வேறு. பெரிய வேன்களும் பிக்கப்புகளும் பல டீசலில் ஓடுபவை என்பதையும் மறத்தலாகாது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தது. அன்று தவணையும் எரிபொருளும் சேர்ந்து நெருக்கியவர்கள் எத்தனையோ பேர்.

சிறு வண்டியால் ஆகாதவையும் உண்டு. பாலிக் பூலாவ் செல்லும் மலைப்பாதையில் நிறைபாரத்துடன் 660 சிசி கார் திணறும். நீண்ட ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிச் செல்வது ஓட்டுபவருக்கும் பின்வருவோருக்கும் ஆபத்து. மடக்கு ஏணி வாங்குவதே தக்கது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுச் சாமான் ஏற்ற விரும்புவோர், சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டறிந்த பின்னரே அதைச் செய்தல் வேண்டும்.

கையொப்பமிடுவதற்கு முன் இரண்டு தாள்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். படிக்க இயலாதவர் படிக்கத் தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று தவணை ஒப்பந்தம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறினால், முன்னறிவிப்புக் கொடுத்து வண்டியை மீட்டுக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. முன்பணமாகக் கொடுத்த சேமநிதிப் பணமும் அத்துடன் போய்விடும். மற்றொன்று காப்புறுதி. தனியார் காருக்குரிய காப்புறுதியில், வியாபாரச் சரக்கு ஏற்றும்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு இல்லை என்னும் விதி வழக்கமாக இருக்கும். வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்தப் போவதைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கப் புறப்படும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பிள்ளை நாள்தோறும் எடுத்துச் செல்லும் கருவிகளை வாசலில் பரப்பச் சொல்லுங்கள். வாங்க நினைக்கும் வண்டியின் உட்புறத்தை அளந்து, சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் அதே அளவில் ஒரு கட்டம் வரையுங்கள். சாமான்களை அதற்குள் அடுக்கிப் பார்த்தால், கட்டத்துக்கு வெளியே எவை நிற்கின்றன, அவை மாதத்தில் எத்தனை நாள் தேவைப்படுகின்றன என்பது தெரிந்துவிடும்.