கொடுங்கோலனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவனைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். எர்னஸ்ட் லூபிட்ஷ் என்னும் ஹாலிவுட் டைரக்டரும் ஏறக்குறைய அப்படிப்பட்ட ஆசாமிதான் என்று 1942-ம் வருஷத்தில் அமெரிக்க விமரிசகர்கள் சிலர் முடிவு கட்டினார்கள். போலந்து தேசம் ஹிட்லரின் படைகளிடம் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்தத் தேசத்தின் தலைநகரான வார்ஸாவில் நடப்பதாக அவர் ஒரு ஹாஸ்யப் படம் எடுத்து வெளியிட்டதுதான் குற்றம். படத்தின் பெயர் 'டு பி ஆர் நாட் டு பி'.

கதை ஒரு நாடகக் கோஷ்டியைப் பற்றியது. கோஷ்டியின் ராஜபார்ட் ஜோஸப் டூரா. அவன் மனைவி மரியா. ஹாம்லெட் வேஷத்தில் டூரா தன் பிரசித்தமான தனிமொழியை ஆரம்பித்தவுடனே, சபையிலிருந்து ஓர் இளம் விமானி எழுந்து வெளியே போகிறான். மரியாவைச் சந்திக்க அதுதான் சமயம்! டூராவுக்கோ, தன் நடிப்பைப் பார்க்காமல் ஒருவன் எழுந்து போனானே என்பதுதான் தீராத துக்கம். பிறகு யுத்தம் வருகிறது. பிரிட்டனிலுள்ள போலிஷ் விமானிகளின் உறவினர் விலாசங்களோடு ஓர் ஒற்றன் வார்ஸாவுக்கு வந்து சேருகிறான். அந்த ஜாபிதா நாஜி ரகசியப் போலீஸின் கைக்குப் போய்விட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆபத்து. அதைத் தடுக்க நடிகர்களிடம் இருப்பவை பொய்த் தாடியும், நாஜி உடுப்புகளும், வேஷம் கட்டும் வித்தையுமே.

நடிப்பைப் பற்றிச் சொல்வதானால் யாரை முதலில் சொல்வது? ரேடியோவில் புகழ் பெற்ற விகடரான ஜாக் பென்னி, டூராவின் தற்பெருமையைச் சிறிதும் மிகைப்படுத்தாமல் காட்டுகிறார். மரியாவாக வரும் கரோல் லம்பார்டு, ஒற்றனிடம் புன்னகை செய்துகொண்டே உயிருக்கு அஞ்சும் காட்சிகள் அபாரம். யுத்த நிதிப் பத்திரங்கள் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், 1942 ஜனவரி 16-ந் தேதி விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். படம் வெளியானபோது அவர் இல்லை.

கர்னல் எர்ஹார்ட்டாக வரும் ஸிக் ரூமனைத் தனியே பாராட்ட வேண்டும். முதலில் டூரா, எர்ஹார்ட்டைப் போல் வேஷமிட்டு, வேறு பேச்சுத் தோன்றாமல் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லித் திண்டாடுகிறான். பின்னால் நிஜமான எர்ஹார்ட் தோன்றி, அதே வாக்கியத்தை அப்படியே சொல்கிறான்! தவறு நேர்ந்தபோதெல்லாம் உதவியாளன் ஷூல்ட்ஸின் மேல் பழியைப் போட்டுக் கத்துகிறான். அதிகாரத்தின் கர்ஜனைக்குள் ஒளிந்திருக்கும் நடுக்கத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

ஆனாலும் ஒரு வசனம் பெரும் புயலைக் கிளப்பியது. டூரா ஷேக்ஸ்பியருக்கு என்ன செய்தானோ, அதையே இப்போது தாங்கள் போலந்துக்குச் செய்வதாக எர்ஹார்ட் சொல்கிறான். அதை வெட்டிவிடும்படி நண்பர்கள் மன்றாடினார்கள், லூபிட்ஷ் இணங்கவில்லை. தாம் பரிகாசம் செய்வது நாஜிகளையும், எந்த ஆபத்திலும் நடிகர்களாகவே இருக்கும் நடிகர்களையும்தான் என்று பத்திரிகைக்கு எழுதிப் பதில் சொன்னார்.

ஜாக் பென்னியின் தகப்பனாரே, மகனை நாஜி உடுப்பில் கண்டதும் கொட்டகையை விட்டு எழுந்து போய்விட்டாராம். விஷயத்தை விளக்கிய பிறகு திரும்பி வந்து, பல தடவை அப்படத்தைப் பார்த்தார் என்று பென்னி சொல்லியிருக்கிறார்.

கண்டனம் செய்தவர்களை நாம் குறை கூறவில்லை. அந்த யுத்தத்தில் போலந்து தன் ஜனங்களில் சுமார் 60 லட்சம் பேரை இழந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். இதை அறிந்த நமக்கு, எர்ஹார்ட்டின் ஹாஸ்யங்கள் சில தொண்டையில் சிக்கிக்கொள்ளத்தான் செய்கின்றன. ஆனால் சிரிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். லூபிட்ஷ் பெர்லினில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். 1935-ல் நாஜி அரசாங்கம் அவருடைய ஜெர்மன் பிரஜா உரிமையைப் பறித்தது. கிரீன்பர்க் என்னும் சிறு நடிகனாக வரும் பெலிக்ஸ் பிரஸ்ஸார்ட்டும் 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரே.

மேடையில் ஈட்டி பிடித்து நிற்கும் கிரீன்பர்க்குக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: ஷைலக்காக நடிக்க வேண்டும். ஷைலக்கின் புகழ்பெற்ற பேச்சை அவன் மூன்று தடவை சொல்கிறான். முதலில் ஆசைக்கு, அடுத்துத் துக்கத்துக்கு, கடைசியில் நாஜிக் காவலர்கள் சூழ்ந்து நிற்க, தோழர்களின் உயிரைக் காப்பாற்ற. மூலத்தில் 'யூதன்' என்று வருமிடத்தில் அவன் 'நாம்' என்றே சொல்கிறான். அந்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. அங்கே அழ வைப்பதற்காகவே மற்ற இடங்களில் நம்மைச் சிரிக்க வைத்தார் லூபிட்ஷ் என்பது நமது அபிப்பிராயம்.