வரம்பு தவறினால் என்ன செய்வீர்கள்?

ஹைதராபாத் நகரத்தின் வடமேற்கே ஜீடிமெட்லா, பாச்சுபல்லி, பாசமைலாரம் என்று பரவியிருக்கும் தொழிற்பேட்டைகளில், பெரிய மருந்துக் கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்-இன் நேர்காணல் நடத்துவதாக விளம்பரம் வந்துவிட்டால், ரசாயனத்திலோ பார்மஸியிலோ பட்டம் பெற்று இரண்டு மூன்று வருஷம் சிறிய கம்பெனியில் உழைத்த இளைஞர்கள், முதல் நாள் இரவே வந்து அமீர்பேட்டை விடுதிகளில் தங்கி, பொழுது விடிந்ததும் ரெஸ்யூமும் சம்பளச் சீட்டுகளும் அடங்கிய கோப்போடு வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். இந்நகரம் மருந்துத் தொழிலில் பிரசித்தி பெற்றதற்கு, மத்திய சர்க்கார் 1961-ல் ஸ்தாபித்த ஐ.டி.பி.எல். நிறுவனம் இங்கே தொழிற்சாலை வைத்தது ஒரு முக்கிய காரணம். அதில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டிதான் பின்னர் 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் தொடங்கினார்.

விண்ணப்பப் படிவம், காத்திருப்பு, சில இடங்களில் அரைமணி நேர எழுத்துத் தேர்வு ஆகியவற்றைக் கடந்து உள்ளே போகிற அபேட்சகர், அங்கே தமக்கு எதிரே ஆய்வகத்திலேயே தலை நரைத்த இரண்டு பேரைக் காண்பார். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வந்தவரானால், முதல் கேள்விகள் சாதுவாகத்தான் இருக்கும். மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் தண்ணீர் ஏன் 37 டிகிரியில் இருக்க வேண்டும்? அது உடம்பின் உஷ்ணம் என்பதைப் படித்தவர் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். குடலில் போய்க் கரையவேண்டிய மாத்திரையை எப்படிச் சோதிப்பீர்கள் என்றால், வயிற்றிலுள்ளதைப் போன்ற அமிலத்தில் இரண்டு மணி நேரம் உடையாமல் இருக்க வேண்டும், பிறகு அமிலம் நீங்கிய கரைசலில் ஒரு மணி நேரத்துக்குள் சிதைய வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். இவ்வளவும் புத்தக ஞானம். இதில் யாரும் அவ்வளவாகத் தோற்பதில்லை.

தோற்கிற இடம் வேறு. "சோதித்த முடிவு வரம்புக்கு வெளியே வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்று சாவதானமாக ஒரு கேள்வி வரும். "மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்ப்பேன் சார்" என்று, சுறுசுறுப்பைக் காட்டுவதாக நினைத்து ஒருவர் பதில் சொன்னால், அவருடைய நேர்காணல் அநேகமாக அங்கேயே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். தயாரித்த கரைசல்களைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, மேலதிகாரியிடம் உடனே தெரிவித்து, கருவியிலா, கணக்கிலா, கைவேலையிலா, மருந்திலேயேவா எங்கே பிழை என்று விசாரணை நடந்த பிறகே மறுசோதனை என்பதுதான் எதிர்பார்க்கப்படும் விடை. இது ஏதோ ஆபீஸ் சம்பிரதாயம் அன்று. பரீட்சையில் தேறும் வரைக்கும் திரும்பத் திரும்ப எழுதி, தேறிய தாளை மட்டும் தகப்பனாருக்குக் காட்டும் பையனைப் போல, மருந்து தேறும்வரை சோதித்துத் தேறாத முடிவைத் தக்க காரணமின்றி ஒதுக்கிவிடும் வழக்கத்தை, பார் லாபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில் 1993-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கண்டித்தது. நம் தேசத்து மருந்துக் கம்பெனியான ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளையோ, 2013-ல் அந்நாட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அபராதமும் இழப்பீடுமாக 50 கோடி டாலர் செலுத்த உடன்பட நேர்ந்தது. சோதனை விவரங்கள் குறித்துப் பொய் சொன்னதும் அந்தக் குற்றங்களில் அடக்கம். அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு, அங்கிருந்து வரும் பரிசோதகர் கண்ணில் பட்ட ஒரே ஒரு கிழிந்த தாள் என்ன நஷ்டத்தை உண்டாக்கும் என்பது நேர்காணல் செய்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகையால் சில அறைகளில் இன்னொரு சிறு பரீட்சையும் உண்டு. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, எடை 20.15 என்று எழுதச் சொல்லி, அது 20.51 என்று திருத்தச் சொல்வார்கள். ஐந்தின் மேலேயே ஒன்றையும் ஒன்றின் மேலேயே ஐந்தையும் அழுத்தி எழுதுகிற கை, வருஷக்கணக்கான பழக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய எண் படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு, பக்கத்தில் புதிய எண்ணையும், காரணத்தையும், கையொப்பத்தையும், தேதியையும் சேர்ப்பவர், கேட்காமலே விடை சொன்னவர் ஆகிறார். என் அபிப்பிராயத்தில், எந்தப் பெரிய கேள்வியையும்விட இது நேர்மையான பரீட்சை.

விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு சத்தியத்தை எதிர்பார்த்த அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனவுடன், எச்.ஆர். அதிகாரி, "இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்?" என்று கேட்பார். இரவு ஷிப்ட் தாங்கவில்லை, மேலதிகாரி வாய்க்கு அஞ்சி ஓடிவருகிறேன் என்பதே உண்மையாக இருந்தாலும், "வளர்ச்சிக்காக" என்ற ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் அதையே எழுதிக்கொள்கிறார். பிறகு சம்பளப் பேரம்: வருஷ மொத்தத்தில் எவ்வளவு உயர்வு, கைக்கு வருவது எவ்வளவு, நோட்டீஸ் பீரியடைக் குறைக்க முடியுமா என்று, சந்தைப் பேச்சு. இந்தப் பேச்சில் சற்றுக் கூட்டிச் சொல்பவர்களை யாரும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் கூட்டிச் சொன்னது காகிதத்தில் ஏறியிருந்தால், அதாவது சம்பளச் சீட்டில் ஓர் இலக்கமோ அனுபவச் சான்றில் ஒரு வருஷமோ மாறியிருந்தால், வேலை உத்தரவு கைக்கு வந்த பின்பும், பழைய கம்பெனிக்கு எழுதிச் சரிபார்க்கும்போது அது வெளிப்பட்டு, உத்தரவு ரத்தாகிவிடும்.