பிஸ்டலுக்கு எத்தனை சொட்டு எண்ணெய்?

துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்துவிடும். ஆனால் ஸ்லைடு திரும்பி வரும்போது முழுதாக மூடாமல் ஒரு நெல்மணி இடைவெளி விட்டு நின்றுபோகும். சுட்டவர் தோட்டாவைக் குறை சொல்வார், பிறகு ஸ்ப்ரிங்கைக் குறை சொல்வார். கழற்றிப் பார்த்தால் பிஸ்டலின் வெளிப்புறம் முழுக்க எண்ணெய் மினுமினுக்கும். ஸ்லைடு ஓடுகிற தடம் மட்டும் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். அவர் எண்ணெயே போடாதவர் இல்லை. நிறையப் போட்டிருக்கிறார், வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, முன்னே வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து சேம்பரில் ஏற்றி மூடிக்கொள்ள வேண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இந்த வேலைக்குள் எஃகோடு எஃகு பல இடங்களில் உரசுகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டலில், பேரல் முதலில் ஸ்லைடோடு பூட்டியபடியே கொஞ்ச தூரம் பின்னே போகும். பிறகு அதன் பின்முனை தாழ்ந்து பூட்டு விடுபடும். 1982ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் 17 வரை பெரும்பாலான பிஸ்டல்கள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. ஆகவே ஸ்லைடின் தடம், பேரலின் வெளிப்பக்கம், பேரல் ஸ்லைடோடு பூட்டும் மேடு ஆகியவைதான் உரசும் இடங்கள். உங்கள் பிஸ்டலில் அவை எங்கே என்று சந்தேகமா? கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து பளபளக்கும் இடங்களெல்லாம் எண்ணெய் கேட்கும் இடங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் மேகசின் வெளியே வர வேண்டும். அதன் பிறகுதான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை மாறினால் ஸ்லைடு திரும்பும்போது புதுத் தோட்டா ஒன்று சேம்பருக்குள் போய்விடும். ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். கிளாக்கைக் கழற்ற ஒருமுறை டிரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் முனை ஆபத்தில்லாத திசையைப் பார்த்திருக்கட்டும், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

இனி, எந்த எண்ணெய்? துப்பாக்கி மெக்கானிக்குகள் பழைய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: சுழலும் இடத்துக்கு எண்ணெய், சறுக்கும் இடத்துக்கு கிரீஸ். மெல்லிய எண்ணெய் சந்துபொந்துகளில் தானாகப் பரவும். ஆனால் சில வாரம் பெட்டிக்குள் இருந்தால் வழிந்து இறங்கிவிடும். கிரீஸ் வைத்த இடத்தில் இருக்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினிய பிரேம் உள்ள பெரெட்டா 92, சிக் சாவர் பி226 போன்றவற்றின் தடத்துக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் வைப்பதே நல்லது என்பேன். அலுமினியத்தின் மேலுள்ள கடினப் பூச்சு ஒருமுறை தேய்ந்துவிட்டால், எஃகு ஸ்லைடு அடியில் உள்ள மென்மையான உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிடும். மற்றபடி சுத்தம் செய்ய, உராய்வைக் குறைக்க, துருவைத் தடுக்க என மூன்று வேலைக்கும் சேர்த்து விற்கும் சி.எல்.பி. வகை எண்ணெய் ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும்.

வீட்டில் இருப்பதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாக ஒட்டும். தையல் மிஷின் எண்ணெய் தூய்மையான மினரல் எண்ணெய், ஆபத்துக்கு உதவும். ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது. மழையில் நனைந்த துப்பாக்கியை உலர்த்த அது நல்ல துணை. உலர்த்தியபின் துடைத்தெடுத்துவிட்டு முறையான எண்ணெயைப் போடுங்கள்.

கிளாக்கை எடுத்துக்காட்டாக வைத்தே போடும் முறையைச் சொல்கிறேன். அதன் பிளாஸ்டிக் பிரேமில் நான்கு சிறு உலோக நாக்குகள் தெரியும். ஸ்லைடின் இரு பக்கக் காடிகளும் இவற்றின் மேல்தான் ஓடுகின்றன. காடிக்கு ஒரு சொட்டு விட்டு விரலால் நீள இழுத்துவிடுங்கள். பேரலின் வெளிப்பக்கத்திலும் மேல் மேட்டிலும் ஒரு சொட்டைத் தடவுங்கள். கடைசிச் சொட்டுதான் பலரும் மறப்பது: பிரேமின் வலது பின்மூலையில் டிரிக்கர் பாரின் முனை, கனெக்டர் என்ற சிறு தகட்டைத் தொடும் இடம். அங்கே காய்ந்திருந்தால் டிரிக்கர் இழுவை கரகரக்கும். மொத்தம் நாலைந்து சொட்டு, அதுவும் குண்டூசித் தலையளவு. ஊசி முனை உள்ள குப்பி இருந்தால் அளவு கைக்குள் நிற்கும். புது கிளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் பூசியிருப்பதை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். அது தொழிற்சாலையில் வேண்டுமென்றே பூசி அனுப்பும் கிரீஸ், இருக்கட்டும்.

எண்ணெய் போகக் கூடாத இடங்களும் உண்டு. ஃபயரிங் பின் ஓடும் துவாரத்துக்குள் எண்ணெய் இறங்கினால் கரியும் பித்தளைத் தூளும் அதில் குழைந்து சேறாகும்; ஃபயரிங் பின் மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காமல் போகும். அதனால் ஸ்லைடைத் துடைக்கும்போது முனை கீழே இருக்கும்படி பிடியுங்கள். சேம்பரும் உலர்ந்தே இருக்க வேண்டும். வெடிக்கும் நொடியில் தோட்டாக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் வழுக்கினால் அந்தப் பிடி தளர்ந்து, விசை முழுவதும் ஸ்லைடின் முகப்பில் மோதும். மேகசினுக்குள்ளும் எண்ணெய் வேண்டாம். தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள பிரைமருக்குள் அது கசிந்தால் தோட்டா கெட்டுவிடும். துருவுக்காக பேரலுக்குள் எண்ணெய் தடவி வைத்திருந்தால், சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை ஒருமுறை உள்ளே ஓட்டி எடுங்கள்.

விளையாட்டுப் போட்டிக்கான .22 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கையை இன்னும் சுருக்க வேண்டும். அந்தத் தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருக்கும், கரியும் அதிகம். இரண்டும் எண்ணெயோடு சேர்ந்தால் களிம்பாகிவிடும். விசை குறைந்த தோட்டா என்பதால் கெட்டியான கிரீஸைத் தள்ளிக்கொண்டு ஓடவும் அதற்குத் தெம்பு போதாது. மெல்லிய எண்ணெய், அடிக்கடி துடைப்பு என்பதே வழி.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குச் சுடாத நாளிலும் வேலை உண்டு. உப்புக் காற்றும் கை வியர்வையும் இரண்டே நாளில் எஃகில் செம்புள்ளி வைத்துவிடும். தொட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். தோல் உறைக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்டலோடு ஒட்டவைத்திருக்கும்.

கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்டியதும் காலி பிஸ்டலின் ஸ்லைடை நாலைந்து முறை இழுத்து விடுங்கள், ஓரங்களில் பிதுங்கும் எண்ணெயைத் துடையுங்கள். அடுத்த முறை தளத்தில் பத்துத் தோட்டா சுட்டபின் உங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அதில் பொடிப்பொடியாக எண்ணெய் தெறித்திருந்தால் ஒரு சொட்டைக் குறையுங்கள்.