மலையேறிவிட்ட விண்டோஸ்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் அக்கா பையன் மூன்று தடவை போன் செய்துவிட்டான். "சித்தி, வந்ததும் அம்மாகிட்டே நீங்கதான் பேசணும். நான் சொன்னா எடுபடாது!"

கோடை விழாவைப் பார்த்துவிட்டு, ஏரியில் ஒரு சுற்றுப் படகு விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பியவள் நான். போன இடத்தில் பஞ்சாயத்து காத்திருந்தது.

வழக்கு இதுதான். வீட்டில் இருப்பது 2012-ல் அத்தான் வாங்கிய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது 'விண்டோஸ் 7'. பையன் விளையாட்டுகளை வாங்கி வைத்திருக்கும் 'ஸ்டீம்' என்ற கடை அதில் திறக்க மாட்டேனென்கிறது. ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வேண்டும்.

"நல்லா ஓடுதே! உன் அத்தான் ஆசையா வாங்கினது. விளையாடறதுக்காக ஒரு மெஷினா?" என்றாள் அக்கா. அத்தான் போய் ஐந்து வருஷம் ஆகிறது.

கேட்கப்போனால் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

ஏற்காட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி என்று ஒருவர் உண்டல்லவா? ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். யார் உள்ளே வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் விண்டோஸ்தான் அந்த மேஸ்திரி. 2009-ல் வேலைக்கு வந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி 2020 ஜனவரி 14-ந் தேதி ஓய்வு கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து வேலியில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது. தோட்டம் நடக்கிறது, ஆனால் கேட் திறந்து கிடக்கிறது. அதே கம்ப்யூட்டரில் அக்கா பாங்கிக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைக் கேட்டபோதுதான் எனக்குப் பகீரென்றது!

ஸ்டீம் கடைக்காரர்கள் 2024 ஜனவரி 1-ந் தேதி முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டார்கள். அந்தக் கடைக்குள்ளேயே குரோம் பிரவுசரின் ஒரு பாகம் இருக்கிறது. அது பழைய விண்டோஸில் வேலை செய்வதில்லை. வாங்கிய விளையாட்டுகள் பறிபோய்விடவில்லை. அவை அவரவர் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் அதே பெயரில் நுழைந்தால் கிடைத்துவிடும். இதைச் சொன்னதும் பையன் முகத்தில் பாதித் தெளிவு வந்தது.

சரி, விண்டோஸ் 11 போட்டுவிடலாமா? அங்கேதான் சங்கடம். அதற்கு 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புப் பூட்டு மெஷினிலேயே இருக்க வேண்டும். இன்டெல் பிராஸஸர் என்றால் 2017-ல் வந்த எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும். 2012 மெஷினுக்கு இரண்டும் இல்லை. நடுவே இருக்கும் விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஓய்வு கொடுத்தாயிற்று. அதை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு தவணை உண்டு என்று கம்பெனி அறிவித்தது. நம் வழக்குக்கு அது ஒத்துவராது. விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக ஏறுவதற்கிருந்த வழியை 2023 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டார்கள்.

பையன் அதற்குள் கீழே சேலத்தில் ஒரு கடையில் விசாரித்து வந்திருந்தான். "எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற ஏதாவது போட்டுத் தரோம், அரை மணி வேலை" என்றார்களாம்.

"எல்லாத்தையும்னா?" என்று கேட்டாள் அக்கா.

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தான் எடுத்த போட்டோக்கள், தோட்டக் கணக்கு, தினமும் இரண்டு வரி எழுதி வந்த குறிப்புகள் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான்.

அன்று மத்தியானமே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வரச்செய்து நகல் எடுக்க உட்கார்ந்தோம். மூன்று மணிக்கு மலைக்கே உரிய மழை, இடி, கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். இருந்ததால் பிழைத்தோம். சாயங்காலம் முடிந்தது. என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். போட்டோக்கள் சரி. குறிப்புகளைத் திறந்தால், தமிழே இல்லை! ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமாக ஒரே குழப்பம்.

"போச்சு சித்தி! அப்பா எழுதினதெல்லாம் கெட்டுப்போச்சு" என்றான் பையன். விளையாட்டுப் பேச்செல்லாம் அந்த நிமிஷம் அவனுக்கு மறந்துபோயிற்று.

கெட்டுப்போகவில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோட் முறையை ஏற்று ஆணையிட்டது 2010-ல். அதற்கு முன்பும், பழக்க தோஷத்தால் பின்பும், பலர் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவில் தமிழ் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் இப்படித்தான் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் 'விண்டோஸ்' என்ற பெட்டிக்குள் 'பான்ட்ஸ்' என்று ஓர் அறை இருக்கிறது. அதையும் நகல் எடுத்து வந்து, அத்தான் உபயோகித்த எழுத்துருவைப் போட்டதும் வரிகள் தமிழாக எழுந்து நின்றன. முதலில் கண்ணில் பட்டது மிளகுக் கொடியைப் பற்றிய குறிப்பு. அதற்குக் கீழே, பையனுக்கு முன்பல் விழுந்த சமாசாரம். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பழைய கம்ப்யூட்டரை மாற்ற நினைக்கிற எந்த வீட்டிலும் இந்த எழுத்துரு விஷயத்தைக் கடைக்காரர் ஞாபகப்படுத்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை. நகல் எடுத்தால் மட்டும் போதாது; இன்னொரு மெஷினில் திறந்து, படித்தும் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் லினக்ஸ் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் காலேஜ் பசங்க சமாசாரமாச்சே!" என்றாள் அக்கா. அப்படியில்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி. ஓய்வு பெற்றபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களை 'பாஸ் லினக்ஸ்' என்ற நம் நாட்டுத் தயாரிப்புக்கு மாறச் சொல்லிற்று. 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்களோ!

நாங்கள் 'லினக்ஸ் மின்ட்'டைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்த்தோம். இது பெரிய சௌகரியம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. பிடித்திருந்தது. பிறகுதான் பழையதை அழித்தோம். ஸ்டீம் திறந்தது. விண்டோஸுக்கென்று செய்த பல விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 'புரோட்டான்' என்ற ஏற்பாட்டை ஸ்டீம்காரர்களே 2018-ல் கொண்டுவந்தார்கள்.

பையனுடைய கோரிக்கை முழுதும் நிறைவேறியதாகச் சொல்ல மாட்டேன். சிநேகிதர்களுடன் சேர்ந்து ஆடும் 'வேலரன்ட்' லினக்ஸில் வராது. ஏமாற்று வித்தையைத் தடுக்கும் அதன் காவல்காரன் சம்மதிப்பதில்லை. விண்டோஸ் 11-லும் அந்த டி.பி.எம். பூட்டைக் கேட்கிறது. அதற்குப் புது மெஷின்தான் வழி. பிளஸ் டூ முடிந்ததும் என்று அக்காவை இறங்கிவரச் செய்தேன். பழைய மெஷினில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி விற்பவர்களும் உண்டு, வாங்கும்போது 'டி.பி.எம். டாட் எம்.எஸ்.சி.' (tpm.msc) என்ற கட்டளையைத் தட்டச் சொல்லி, பூட்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும்படி பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு அவன் ஆடுவது 'ஸ்டார்ட்யூ வேலி'. 2016-ல் ஒரே மனிதர் தனியாகச் செய்த விளையாட்டு. பழைய மெஷினிலும் சுகமாக ஓடுகிறது. தாத்தாவின் தோட்டம் பேரனுக்கு வருகிறது. அவன் பயிர் செய்கிறான். காப்பி கூட உண்டு. விதைத்த பத்தாம் நாள் காய்க்கிறது! நிஜக் காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும் என்பதை அந்த மனிதருக்கு யாராவது சேர்வராயன் மலையிலிருந்து எழுதிப் போட்டால் தேவலை.

நான் ஊருக்குக் கிளம்புகிற காலையில் பையன் திரையில் மும்முரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, அங்கே ஊத்தறதிலே ஒரு குடம் வாசல் ரோஜாவுக்கு ஊத்தக்கூடாதா?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.