வானியல்: எத்தனை மடங்கு போதும்?

தொலைநோக்கி வாங்கியவருக்குச் சனியின் வளையங்களைப் பார்த்ததுமே அடுத்த ஆசை: இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டும். கைகொடுப்பது பார்லோ லென்ஸ். ஆங்கிலேயக் கணித மேதை பீட்டர் பார்லோவின் பெயர் தாங்கிய இந்த 19-ம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பைக் கண்ணருகு லென்ஸுக்கு முன் செருகினால் குவியத் தொலைவு 2, 3 அல்லது 5 மடங்காகும். உருவமும் அப்படியே.

கடையில் கவர்வது 5 மடங்கு. கணக்கு வேறு. 150 மி.மீ. விட்டமும் 1,200 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி, 10 மி.மீ. கண்ணருகு லென்ஸுடன் 120 மடங்கு பெரிதாக்கும். 2 மடங்கு பார்லோ சேர்ந்தால் 240. 5 மடங்கென்றால் 600. ஆனால் விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2 மடங்கே உச்சவரம்பு, அதாவது 300. அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே. வட இந்தியக் குளிர்காலத்தில் உயரே பாயும் ஜெட் காற்று உருவத்தைக் குலுக்கும் இரவுகளில் 200-ஐத் தாண்டுவதே கடினம்.

இருப்பதையும் பார்க்க வேண்டும். 20, 10 மி.மீ. கண்ணருகு லென்ஸ்கள் வைத்திருப்பவர் 2 மடங்கு வாங்கினால், 20 இன்னொரு 10 ஆகிவிடும். 25, 10 என்றால் 12.5, 5 என இரண்டு புதிய அளவுகள் லாபம்.

படமெடுப்பவர்களுக்கு வேறு சூத்திரம். கேமரா பிக்சலின் மைக்ரான் அளவை 5-ஆல் பெருக்கினால் தேவையான எஃப் எண் ஏறக்குறைய கிடைக்கும். 2.9 மைக்ரானுக்கு 14.5. எஃப்/8 தொலைநோக்கிக்கு 2 மடங்கு, எஃப்/5-க்கு 3 மடங்கு போதும்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் மடங்கில் அல்ல, கண்ணாடியின் தரத்தில்.