அழைப்பு நேரடியாகக் குரலஞ்சலுக்குச் செல்லல்

அழைக்கப்பட்டவரின் கருவியில் மணி ஒலிக்காமலேயே ஓர் அழைப்பு செய்திப் பதிவுப் பெட்டியைச் சென்றடைவது நேரடியாகக் குரலஞ்சலுக்குச் செல்லல் எனப்படுகிறது. இந்தியாவில் குரலஞ்சல் பரவலாகப் பயன்படுத்தப்படுவதில்லை. ஆகையால் இங்கு அதே சூழ்நிலையில், கைபேசி அணைக்கப்பட்டுள்ளது அல்லது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்னும் அறிவிப்பே பெரும்பாலும் கேட்கும். இவ்விரண்டிற்கும் அடிப்படைக் காரணங்கள் ஒன்றே.

செயற்படும் முறை

இயக்கத்திலுள்ள கைபேசி, தான் இருக்கும் பகுதியை வலையமைப்புக்கு அவ்வப்போது தெரிவிக்கிறது. அழைப்பு வந்ததும் இணைப்பகம் அப்பகுதியிலுள்ள அலைக்கோபுரங்கள் வழியாகக் கைபேசியைத் தேடும். கைபேசி மறுமொழி அளித்த பின்னரே மணி ஒலிக்கும்.

முறைப்படி அணைக்கப்படும் கைபேசி, வலையமைப்பிலிருந்து விலகுவதாகக் குறிப்பு அனுப்பிவிடுகிறது. எனவே அழைப்பவருக்கு உடனடியாக அறிவிப்பு கிடைக்கும். அலை திடீரெனத் துண்டிக்கப்பட்டால் அக்குறிப்பு சென்று சேராது. அப்போது தேடல் முடியும்வரை சில நொடிகள் அமைதி நிலவி, அதன் பின்னரே அறிவிப்பு கேட்கும்.

காரணங்கள்

* கைபேசி அணைந்திருத்தல் அல்லது வானூர்திப் பயன்முறையில் இருத்தல்
* அலை கிடைக்காமை
* வலையமைப்பு நெரிசல்
* தொந்தரவு செய்யாதே என்னும் அமைப்பு
* அழைப்பவரின் எண் தடுக்கப்பட்டிருத்தல்
* அழைப்பு வேறு எண்ணுக்குத் திசைதிருப்பப்பட்டிருத்தல்

எடுத்துக்காட்டு: திருவரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில் (ஸ்ரீரங்கம்) உள்ள ஒருவரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து அழைப்பதாகக் கொள்வோம். அரங்கநாதர் கோயில் ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டது. கருங்கல் மதில்களும் மண்டபங்களும் வானொலி அலைகளை வலுவிழக்கச் செய்யக்கூடியவை. வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறப்பைக் காணப் பெருந்திரளானோர் கூடுவர். ஓர் அலைக்கோபுரம் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட அளவு இணைப்புகளையே தாங்கும் என்பதால், இத்தகைய கூட்டத்தில் அழைப்பு தவறக்கூடும். மேலும், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 திசம்பரில் உத்தரவிட்டது. வழிபடச் செல்வோர் கைபேசியை அணைத்து ஒப்படைத்தாலும் அழைப்பு கிட்டாது.

எனவே மணி ஒலிக்காததை மட்டும் கொண்டு, ஒருவர் தம் எண்ணைத் தடுத்துவிட்டார் என்று முடிவுசெய்ய இயலாது.

அழைப்பு திசைதிருப்பலும் மோசடியும்

குரலஞ்சலுக்கு அழைப்பை அனுப்புவதும் ஒருவகைத் திசைதிருப்பலே ஆகும். இவ்வசதி தவறாகவும் பயன்படுத்தப்படுகிறது. நிறுவன ஊழியர் போலப் பேசும் மோசடியாளர், *401* அல்லது *21* எனத் தொடங்கும் குறியீட்டுடன் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார். அவ்வாறு செய்தால் அழைப்புகள் அனைத்தும் அவருக்குச் செல்லும். குரல்வழி வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவற்றுள் அடங்கும்.

இதனைத் தடுக்க, யு.எஸ்.எஸ்.டி. வழியிலான அழைப்பு திசைதிருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. வேறு முறைகளில் இவ்வசதியைப் பெற இடமளிக்கப்பட்டது.

சரிபார்த்தல்

ஜி.எஸ்.எம். தரக் குறியீடுகளுள் *#21# என்பது எல்லா அழைப்புகளும் திசைதிருப்பப்படுகின்றனவா என்பதைக் காட்டும். *#62# என்பது கைபேசி எட்டாதபோது அழைப்பு எங்குச் செல்கிறது என்பதைக் காட்டும். ##002# எல்லாத் திசைதிருப்பல்களையும் நீக்கும். இதனால் குரலஞ்சலுக்கான திசைதிருப்பலும் நீங்கிவிடும்.